யானை ஆட்டத்தில் தோற்ற இடம்: யாராவது சொல்லிக் கொடுங்கள்

சேலம் செஸ் நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் ஏற்காட்டுக்காரர் ஒருவரிடம் தோற்றேன், இரண்டு பேருக்குமே ரேட்டிங் 1500க்குள்தான்.

கடைசியில் ஆளுக்கொரு யானை, அவரிடம் மட்டும் இ5இல் ஒரு சிப்பாய். ஃபிலிடோர் முறைப்படி (சிப்பாய் இல்லாதவர் டிரா செய்யும் தற்காப்பு) என் கறுப்பு யானையை 6ஆம் வரிசையிலேயே வைத்திருந்து, சிப்பாய் இ6க்கு வந்த பிறகுதான் பின்னால் போய் செக் கொடுக்க வேண்டும், தெரிந்தும் அவசரத்தில் முன்னாடியே இ1க்குப் போய்விட்டேன். அவர் ராஜா இ6க்கு வந்தது, அடுத்து யானையால் ஏ8இல் மேட் என்று மிரட்டல். நான் ராஜாவை டி8க்கு ஓட்டினேன். எஃப்8 போயிருந்தால் டிரா என்கிறது ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கம்ப்யூட்டர் புரோகிராம், ஆனால் ஏன் என்று சொல்லவில்லையே!

ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வு மட்டும் வியர்வை பட்டுக் கலைந்திருக்கிறது. அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை பக்கம் யாராவது ஒரு மணி நேரம் போர்டு வைத்து விளக்குவீர்களா? அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.