எஸ்விசிஹோஸ்ட் எழுபது முறை ஓடுகிறது: இது வைரஸா?

கேள்வி: திருமங்கலம் ஜெராக்ஸ்

வணக்கம். திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆன்லைன் விண்ணப்பங்களும் பதிவு செய்து தருகிறேன். கடைக் கணினியில் விண்டோஸ் 10, 8 ஜிபி ராம் இருக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு பென் டிரைவ் கொண்டு வருவதால் வைரஸ் பயம் எப்போதும் உண்டு. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற ஒரே பெயர் எழுபதுக்கும் மேற்பட்ட வரிகளில் நிற்கிறது. காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரம் இணையம் ஊர்ந்துதான் போகிறது. பழுது பார்க்க வந்தவர் எல்லாம் வைரஸ், ஃபார்மட் அடித்துவிடலாம் என்றார். அவர் போன பின் அவற்றில் ஒன்றை நானே நிறுத்தினேன். நீலத்திரை வந்து கணினி மறுபடி துவங்கியது, ஒருவருக்காகப் பாதி நிரப்பியிருந்த விண்ணப்பமும் போயிற்று. உண்மையிலேயே இது வைரஸா?

பதில்: வைகைக்கரை

ஐயா, எண்ணிக்கையைக் கண்டு ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். விண்டோஸின் பின்னணிச் சேவைகளில் பல, தனியே ஓடும் நிரல்களாக இல்லாமல், வேறு நிரல் ஏற்றிப் பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகளாக இருக்கின்றன. டிஎல்எல் தானாக ஓடாது என்பதால், அதை ஏற்றி நடத்துவதற்கென்றே எஸ்விசிஹோஸ்ட் இருக்கிறது. ஒலி, இணையப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், விண்டோஸ் அப்டேட் எல்லாம் இதன் வழியாகவே ஓடுகின்றன. முன்பு நினைவகத்தை மிச்சப்படுத்தப் பல சேவைகளை ஒரே புராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலில்) அடைத்தார்கள். அதில் ஒன்று பழுதானால் கூட இருந்தவையும் சேர்ந்து விழும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி புராசஸ் கிடைக்கிறது. உங்கள் எழுபதுக்கு அதுவே காரணம்.

நீங்கள் நிறுத்தியது விண்டோஸ் உயிரோடு இருப்பதற்கே தேவையான சேவைகளில் ஒன்றாக இருந்திருக்கும். இனி நிறுத்துவதற்கு முன், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் ‘டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி’ கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்து, எந்த எண்ணுள்ள புராசஸுக்குள் எந்தச் சேவை ஓடுகிறது என்று பாருங்கள். காலை நேர இணையத் தேக்கத்துக்கு என் முதல் சந்தேகம் விண்டோஸ் அப்டேட் மீதுதான்.

இந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் போலியைக் கண்டுபிடிக்க, டாஸ்க் மேனேஜரில் பயனர் பெயர் நெடுவரிசையைப் பாருங்கள். சிஸ்டம், லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் ஆகிய மூன்று கணக்குகளில் மட்டுமே அசல் ஓடும்.

பதில்: ஒத்தக்கடை

மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். விண்டோஸ் 10-இல் ஒவ்வொரு பயனருக்கும் உரிய சேவைகளும் உண்டு. அவை உள்நுழைந்தவரின் பெயரிலேயே ஓடும். ஆகவே உங்கள் பெயரைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அந்த மூன்று கணக்குகளின் பயன் வேறு. சிஸ்டம் கணக்குக்கு ஏறக்குறைய எல்லா அதிகாரமும் உண்டு. மற்ற இரண்டுக்கும் வேலைக்கு வேண்டிய அளவே கொடுக்கப்பட்டிருப்பதால், அவற்றில் ஓடும் சேவையில் ஓட்டை இருந்து யாராவது புகுந்தாலும் முழுக் கணினியும் உடனே கைவிட்டுப் போவதில்லை. 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு (தானாகப் பரவும் தீய நிரல்), எஸ்விசிஹோஸ்டுக்குள் ஓடும் சர்வர் சேவையின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. பின்னர் அது பென் டிரைவ் வழியாகவும் பரவியது. உங்கள் தொழிலில் இதை மறக்கக் கூடாது.

போலியை இருப்பிடத்தால் அறியுங்கள். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் வலது கிளிக் செய்து கோப்பின் இடத்தைத் திறந்தால், அது சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 கோப்புறையாக இருக்க வேண்டும்; 64 பிட் கணினியில் அரிதாக சிஸ்வாவ்64 என்றும் வரலாம். அசலைத் துவக்குவது சர்வீசஸ் என்ற புராசஸ். கமாண்ட் லைன் நெடுவரிசையில் ‘-கே’ என்று தொடங்கிச் சேவைக் குழுவின் பெயரும் வரும். எழுத்து மாறிய பெயர்களையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இணையத்தை இழுத்தது விண்டோஸ் அப்டேட்தான். ஆனால் ஒன்றில் ‘வி’யும் ‘சி’யும் இடம் மாறியிருந்தன, கோப்பு என் பயனர் கோப்புறையில், செயலிகளின் தரவு இருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருந்தது.

பதில்: ஒத்தக்கடை

இணைய இணைப்பை உடனே துண்டித்துவிட்டு, விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். அந்தக் கணினியில் தட்டச்சு செய்த கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கணினியிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள். மக்களின் ஆதார் நகல்கள் அதில் இருந்தால் அவற்றை எடுத்து அப்புறப்படுத்துங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால், சுத்தம் செய்த பிறகு பதினொன்றுக்கு மாறுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.