நிலுவையில் உள்ள குற்ற வழக்கை மருத்துவமனையிடம் சொல்ல வேண்டுமா?

மனிதவள அலுவலர், கோவை
மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் எவராயினும், தம் மீது குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அதை நிர்வாகத்திடம் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மார்பின், ஃபென்டனில் போன்ற போதை தரக்கூடிய வலி மருந்துகளை வைத்திருக்கும் அலமாரியின் சாவி ஒவ்வொரு ஷிப்டிலும் கைமாறுகிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் விசாரணையைச் சந்திக்கும் ஒருவரிடம் அந்தச் சாவியையோ, போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) வழக்கில் உள்ளவரிடம் குழந்தைகள் வார்டையோ நாங்கள் அறியாமல் ஒப்படைத்தால், தீர்ப்பு வரும்வரையிலான ஆபத்தை நோயாளிதான் சுமக்கிறார்.

வழக்கறிஞர், மதுரை
ஐயா, மிகக் கடுமையான இரண்டு வழக்குகளைக் காட்டி, எல்லா வழக்குகளுக்கும் விதி கேட்கிறீர்கள். நான் நீதிமன்றத்தில் பார்ப்பவை பெரும்பாலும் வேறு: வரப்புத் தகராறு, சாலை மறியல், அண்ணி கொடுத்த வரதட்சணைப் புகாரில் வெளியூரில் வேலை பார்க்கும் நாத்தனாரின் பெயரும் சேர்க்கப்பட்ட வழக்கு. முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவே தவிர, குற்றத்தின் நிரூபணம் அன்று. தன் மீது வழக்கு இருப்பதைச் சொன்ன ஒப்பந்தச் செவிலியருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், காரணத்தை எவரும் எழுத்தில் தரப்போவதில்லை.

அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பாருங்கள். பணிச் சரிபார்ப்புப் படிவத்தில் கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. அதே வேளையில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கேட்கப்பட்டதைத் தெரிவித்தால் போதும்.

மனிதவள அலுவலர், கோவை
அதே தீர்ப்பு, பல வழக்குகளை வேண்டுமென்றே மறைப்பதைக் கடுமையாகவும் பார்க்கிறது. அற்பமான வழக்கை உண்மையாகச் சொன்னவரை, அதன் முடிவுக்கு உட்பட்டுப் பணியமர்த்தலாம் என்றும் சொல்கிறது. ஆக, சொன்னவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது.

வழக்கறிஞர், மதுரை
பணியமர்த்தலாம் என்றுதான் இருக்கிறது. பணியமர்த்த வேண்டும் என்று இல்லை. அந்த விருப்புரிமை முழுவதும் உங்களிடம்தான்.

ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், திருச்சி
இருவருமே எந்தக் கட்டத்தில் சொல்வது என்பதைத் தொடவில்லை. நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் பிரிட்டனில், செவிலியர் மன்றத்தின் நடத்தை விதி, குற்றச்சாட்டு சுமத்தப்பட்டால் மன்றத்துக்கும் பணியளிப்பவருக்கும் இயன்றவரை விரைவில் தெரிவிக்கச் சொல்கிறது; வெறும் புகாரை அது கேட்கவில்லை. இங்கே அதற்கு நிகரான கட்டம், போலீசாரின் குற்றப்பத்திரிகையை ஆராய்ந்து நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவது, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று முறைப்படி பதிவது என்று நினைக்கிறேன்.

சிகிச்சையின்போது நேர்ந்த மரணங்களைத் தனியாகப் பேச வேண்டும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை, குற்றம் சாட்டப்பட்டது என்பதற்காகவே வழக்கம்போல் கைது செய்யலாகாது என்றது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது நேர்ந்தால், பதிவுபெற்ற மருத்துவருக்கு அது 2 ஆண்டு வரைதான். அந்தச் சலுகையின் வரையறைக்குள் செவிலியர் வரவில்லை. ஒரே அறையில், ஒரே நோயாளியின் மரணத்துக்காக வழக்கைச் சந்திக்கும் இருவரில் செவிலியருக்கே இழப்பு பெரிது. அவரை முதலில் வாய் திறக்கச் சொல்வது எனக்குக் கூசுகிறது. (வார்டில் தவறு நடந்தால் முதலில் கைகாட்டப்படுவது யார் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.)

மனிதவள அலுவலர், கோவை
அம்மா, குற்றச்சாட்டு வனையப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை போக்சோ வழக்கில் உள்ளவர் குழந்தைகள் வார்டிலேயே இருக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், திருச்சி
கூடாது. பாலியல் குற்றம், போதைப்பொருள், நோயாளியின் உடைமைத் திருட்டு ஆகிய மூன்றுக்கு மட்டும் வழக்குப் பதிவானதுமே சொல்ல வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். மற்றவற்றுக்கு நான் சொன்ன கட்டம் போதும். சொன்னவரை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

வழக்கறிஞர், மதுரை
இதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையுடன். சம்பளம் குறையாது, ஒப்பந்தம் இதன் பொருட்டு நிறுத்தப்படாது என்று பணி ஆணையிலேயே மருத்துவமனை எழுதித் தர வேண்டும். அது வரும்வரை, என்னிடம் வரும் செவிலியரிடம், படிவத்தில் கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள் என்றே சொல்வேன்.