நகர விளையாட்டில் கல்வியையும் வேலையையும் இணைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நகரத்தை உருவாக்கி நிர்வகிக்கும் கணினி விளையாட்டு ஒன்றை எழுதி வருகிறேன். அதில் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள உறவை மெய்யாகக் காட்ட உங்கள் உதவி வேண்டும்.

2015-இல் வெளிவந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டில் குடிமக்களுக்கு நான்கு கல்வி நிலைகள் உண்டு, பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் கட்டக் கட்ட மக்கள் மேல்நிலைக்கு ஏறுவார்கள், சாதாரணத் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைப்பது கடினமாகும். விளையாட்டுக்கு அந்த எளிமை பொருத்தமானதே. ஆனால் நிஜ நகரத்தில், பட்டதாரி வேலையின்றி இருக்கும்போதே பக்கத்துத் தெருப் பட்டறையில் வெல்டர் இடம் காலியாக இருக்கும். இவை இரண்டும் ஒருசேர நிலவுவதை விளக்கும் ஆய்வுக்காகத்தான் டயமண்ட், மார்ட்டென்சன், பிஸ்ஸாரிடிஸ் மூவருக்கும் 2010-இல் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் வழியைப் பின்பற்றி, ஒவ்வொரு மாதமும் நிரம்பும் இடங்களை, வேலை தேடுவோர் தொகையும் காலியிடத் தொகையும் சேர்ந்து தீர்மானிக்கும்படி நிரல் எழுதியுள்ளேன்.

தகுதிக்குக் குறைந்த வேலையை ஒருவர் எந்தக் கட்டத்தில் ஏற்பார் என்பதில்தான் சிக்கல். சேமிப்பு, குடும்பப் பொறுப்பு, பயணத் தூரம் எல்லாம் அதில் சேர்கின்றன. ஒரு லட்சம் பேருக்குத் தனித்தனியே கணக்கிட்டால் விளையாட்டு மந்தமாகிறது, வயது, கல்வி, வட்டாரம் வாரியாகக் குழுக்களாக்கினாலோ குடும்பம் என்பதே மறைந்துவிடுகிறது.

இரண்டையும் கலந்து நிரல் எழுதிய அனுபவம் உள்ளவர்கள், குழுவிலிருந்து தனிமனிதரை எந்த இடத்தில் பிரித்தெடுத்தீர்கள் என்று தயவுசெய்து விளக்குங்கள்.