நாளைக்கு நாளைக்குன்னே தள்ளிப் போடுறேன், வழி சொல்லுங்க

வணக்கம். வேலைக்குப் போய்க்கிட்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். மொத்தம் 200 கேள்வியில தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. தமிழ் ஓரளவு ஓடிடுது. கணக்குன்னு வந்தாதான் மேசையைத் துடைக்கிறேன், டீ போடுறேன், அட்டவணையைத் திரும்ப அழகா எழுதுறேன் (இதோட நாலு அட்டவணை ஆச்சு!). கூட்டுவட்டிப் பக்கத்தை மூணு வாரமாத் திறக்கவே இல்ல. சோம்பேறித்தனம்ங்கிறாங்க அம்மா, எனக்கென்னவோ பயம்னுதான் தோணுது.

25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ஓய்வெடுக்குற பொமோடோரோ முறையும் பார்த்தாச்சு. அந்த 5 நிமிஷத்துல போனைத் தொட்டா முக்கால் மணி நேரம் போயிடுது.

இதைத் தாண்டி வந்தவங்க இருந்தா சொல்லுங்க: பிடிக்காத பாடத்தை முதல்ல எடுத்தீங்களா, கடைசியிலயா? ராத்திரி 9 மணிக்குக் கூடச் சேர்ந்து படிக்க யாராவது வந்தாலும் சரி. முடிஞ்சா இன்னிக்கே.