அழுக்கேற்றும்போது கெட்டுப்போன டாங்கிகள்

பிளாஸ்டிக் டாங்கி மாதிரியில் ஒட்டும் வேலையும் வண்ணப் பூச்சும் முடிந்து, மண்ணும் எண்ணெய்க் கறையும் ஏற்றும் கடைசிக் கட்டத்தில் நேர்ந்தவற்றை, மாதிரி செய்யும் எங்கள் மூவரையும் ஆளுக்கொன்றாக எழுதச் சொன்னார்கள். என்னுடையது 1/35 அளவிலான டி-34/85 என்ற சோவியத் டாங்கி. உண்மையான டாங்கியின் டரட், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி, வார்ப்பு எஃகால் ஆனது. போர்க்கால அவசரத்தில் அதன் மேற்பரப்பை யாரும் இழைத்து மெருகேற்றவில்லை. ஆனால் என் கிட்டில், அதாவது மாதிரிப் பாகங்கள் வரும் பெட்டியில், வந்த டரட் முட்டை ஓட்டைப் போல வழுவழுவென்று இருந்ததால், திரவப் பசையைத் தடவி, அது பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கும்போதே தேய்ந்த பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினேன். அந்த டரட்டைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. சோவியத் ராணுவத்தின் 4பிஓ என்ற பச்சை நிறத்தை அப்படியே அடித்தால் சிறிய மாதிரியில் கறுத்துத் தெரியும் என்பதால், சிறிது மஞ்சள் கலந்து வெளுப்பாக்கி ஏர்பிரஷ்ஷில் அடித்தேன்.

அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு அடர்பழுப்பு ஆயில் பெயின்ட்டை எனாமல் தின்னரில் கரைத்து, இடுக்குகளைக் கருமையாக்கிக் காட்டும் ‘வாஷ்’ என்ற நீர்த்த கரைசலைத் தயாரித்தேன். இடுக்குகளுக்கு மட்டும் நுனிப் பிரஷ்ஷால் தொட்டு வைக்க வேண்டியதை, சக்கரங்களின் பின்புறம் எப்படியும் கண்ணுக்குத் தெரியாது என்ற சோம்பலில் தாராளமாக ஊற்றிவிட்டேன். மறுநாள் காலை டாங்கியைக் கையில் எடுத்தபோது, பக்கத்துக்கு ஐந்தாக உள்ள பெரிய சக்கரங்களில் மூன்று மேசையிலேயே தங்கிவிட்டன. சக்கரத்தைத் தாங்கும் அச்சுகள் பிஸ்கட்டைப் போலப் பொடிந்திருந்தன. இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீனில் இத்தகைய கரைப்பான் தேங்கினால், நுண்ணிய விரிசல்களின் வழியே உள்ளே இறங்கி அதை நொறுங்கச் செய்துவிடும். என் கிட்டில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக்கின் இறுக்கமும் சக்கரத்தை அழுத்திப் பொருத்தியதன் இறுக்கமும் சேர்ந்து அந்த அச்சுகளின் மீதே இருந்தன. உடைந்த இடங்களில் துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி நிமிர்த்துவதற்கு இரண்டு வாரங்கள் ஆயின. இப்போதெல்லாம் வாஷ் வைப்பதற்கு முன் அக்ரிலிக் வார்னிஷை அச்சுகளின் உட்புறம் வரை அடித்துவிடுகிறேன். தேங்கும் துளியை உடனே காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சியும் எடுத்துவிடுகிறேன்.

*

என் கதைக்குக் காரணம் தின்னர் அன்று, சென்னையின் நவம்பர் மாதம். மழை விட்டிருந்த ஒரு மாலையில் மொட்டை மாடிக்குச் சென்று, முடித்து வைத்திருந்த ஷெர்மன் டாங்கி மாதிரியின் மீது ஸ்ப்ரே கேனிலிருந்து பளபளப்பில்லாத மேட் வார்னிஷை அடித்தேன். பத்து நிமிடங்களில் டாங்கி முழுவதும் விபூதி பூசியதைப் போல வெளுத்துவிட்டது. காற்றின் ஈரம் காயும் வார்னிஷில் சிக்கிக்கொண்டதுதான் காரணம். காய்ந்த வெயில் நாளாகப் பார்த்துப் பளபளப்பு வார்னிஷை மெல்லிய படலமாக அடித்ததும் வெண்மை பெரும்பாலும் மறைந்தது. பின்பக்கத்தில் எஞ்சியதைப் புழுதி என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

*

எனக்கு எதுவும் உடையவில்லை. ஆனால் முடித்த மாதிரியை நானே அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். 1965ஆம் ஆண்டுப் போரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்ற ஊரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்ட இந்தியப் படையின் செஞ்சுரியன் டாங்கியைச் செய்து, டிராக் முழுவதற்கும் செங்காவி நிறத்தில் துரு ஏற்றியிருந்தேன். அதன் பின்னர்தான் அகமதுநகரில், அதாவது இன்றைய அகில்யாநகரில், உள்ள குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. என் மேசையில் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இருந்த வண்டி, அங்கே ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலத்தில் நின்றபோது, முதலில் அதைச் சுற்றி நடக்க மட்டுமே தோன்றியது.

அருங்காட்சியக வண்டியின் நிறத்தை நம்பி நகலெடுக்கக் கூடாது. பராமரிப்புக்காக அடித்த பூச்சு அது, போர்க்களத்துப் பூச்சு அன்று. நான் பார்த்தது வேறு. ஆட்கள் ஏறும் இடங்களிலும் மூடித் திறக்கும் கதவுகளின் விளிம்புகளிலும் மட்டுமே பூச்சு தேய்ந்திருந்தது. நானோ எல்லா விளிம்புகளிலும் பாரபட்சமின்றிச் சுரண்டல் அடையாளம் வைத்திருந்தேன். டிராக் விஷயத்தையும் அங்கேதான் யோசித்தேன். ஓடாமல் நிற்கும் வண்டியில் துரு படியும். ஓடும் வண்டியிலோ தரையில் உராயும் பகுதிகள் தேய்ந்து வெள்ளியாக மின்ன வேண்டும், இடுக்குகளில் மண் இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் காவியை அடர்பழுப்பால் மூடினேன். டிராக்கின் மேடுகளில் பென்சில் கரியை விரலால் தேய்த்தேன். பஞ்சாபின் கரும்பு வயல்களை மனத்தில் வைத்து, வெளிர்மண் நிறப் பொடியைச் சக்கரங்களுக்கு மேலிருந்து கீழாக அடர்த்தி கூட்டிக்கொண்டே வந்தேன். சுரண்டல்களில் பாதிக்கு மேல் பச்சைக்குள் போய்விட்டன. எஞ்சியவை ஓட்டுநர் கதவைச் சுற்றியும், டரட்டின் மேல் கதவருகிலும்தான் உள்ளன.