வன்தட்டில் இரண்டு லட்சம் கோப்புகள்: சலிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காலமான அச்சகக்காரர் ஒருவரின் பழைய வன்தட்டை அவருடைய மகள் கொண்டுவந்தார். "அப்பாவின் கடிதங்களும் கணக்கும் போதும் அண்ணா" என்றார்.

ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருள் மூலம் மீட்டேன். பெயர்கள் எல்லாம் போய்விட்டன. எஃப்0048213 என்பதுபோல் எண்களாக இரண்டு லட்சத்துக்கு மேல் கிடக்கின்றன. பெரும்பாலானவை விண்டோஸ், பேஜ்மேக்கர் போன்றவற்றின் கோப்புகளே. ஒவ்வொன்றாகத் திறந்தால் இந்தப் பொங்கலுக்கும் முடியாது, அடுத்த பொங்கலுக்கும் முடியாது.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், மென்பொருள்களோடு வரும் கோப்புகளின் ஹாஷ் மதிப்புகளை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளங்களை) பட்டியலாக வெளியிடுகிறது. பெயர் மாறினாலும் உள்ளடக்கம் மாறாதவரை ஷா-256 என்ற முறையில் கணக்கிட்ட ஹாஷ், அந்த 64 எழுத்துகள், மாறாது. பட்டியலில் இருப்பதை ஒதுக்கினால் மிச்சம் பெரும்பாலும் பெரியவருடையதாகவே இருக்கும். (பட்டியலில் இருப்பதாலேயே ஒரு கோப்பு நல்லது என்று பொருளல்ல; ஊடுருவல் கருவிகளும் அதில் உண்டு. இங்கே அது கவலையில்லை.)

சிக்கல் இதுதான்: மீட்ட கோப்புகள் சிலவற்றின் வாலில் வேண்டாத பைட்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு பைட் கூடினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடுகிறது. வாலை வெட்டிச் சோதிக்க, அல்லது துண்டுதுண்டாக ஒப்பிட யாரேனும் முயன்றதுண்டா?

இன்னொன்று: எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் வரும் நிஸ்டின் முழுப் பட்டியல் என் இணைய இணைப்புக்கு மிகப் பெரிது. புதுச்சேரியில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். காலி வன்தட்டோடு பஸ் ஏறிவிடுகிறேன்.