ரைசன் 5 2600 எடுத்துட்டு 5700எக்ஸ்: பழைய கூலரே போதுமா?

மின்மினி:
பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 ப்ராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு. எடிட்டிங்குக்காக ரைசன் 7 5700எக்ஸ் வாங்கியாச்சு, பெட்டியில கூலர் இல்ல. 2600-ஓட வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரையே மாட்டலாமா? ரெண்டுமே 65 வாட்தானே? ரூம்ல ஏசி இல்ல, மதியம் 35 டிகிரி.

திருப்புளி:
ஓடும், ஆனா கத்தும். வாட்டை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. 2600-க்கு சாக்கெட் வரம்பு (ப்ராசஸர் நிஜமா இழுக்கக்கூடிய அதிகபட்ச மின்சாரம்) 88 வாட், 5700எக்ஸுக்கு 76தான். அப்புறம் ஏன் புதுசு அதிகமா கொதிக்குதுன்னா, 2600-ல சூடு 213 சதுர மி.மீ. சில்லுல பரவும். 5700எக்ஸ்ல எட்டு கோரும் 80 சதுர மி.மீ. சில்லுக்குள்ள அடைஞ்சு கிடக்கு, அதுவும் நடுவுல இல்லாம ஓரமா. 90 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். எரியாது, ஆனா ரெண்டர் இழுக்கும். நாலு ஹீட்பைப், 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர் போதும். உயரம் பெரும்பாலும் 150–160 மி.மீ. வரும், கேபினட்டுக்குள்ள அளந்துட்டு வாங்குங்க. வாட்டர் கூலிங் இதுக்குத் தேவையே இல்ல.

நாலுபின்:
கூலருக்கு முன்னாடி பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கி வைக்கிற, போர்டுல இருக்கிற மென்பொருள்). 5700எக்ஸ் 2022-ல வந்தது, பழைய பயாஸ்ல திரையே வராது. போர்டு கம்பெனி தளத்துல ப்ராசஸர் பட்டியல்ல எந்த வெர்ஷன் வேணும்னு இருக்கும். 2600 மாட்டியிருக்கும்போதே, ஃபேட்32 பென்டிரைவ்ல வச்சு ஏத்திடுங்க. யுபிஎஸ் இல்லாம வேண்டாம். விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) இருந்தா ரெகவரி கீயை எழுதி வச்சுக்குங்க, ப்ராசஸர் மாறினதும் கேக்கும்.

திருப்புளி:
கழட்டுறதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஏஎம்4-ல (இந்த ரெண்டு ப்ராசஸரும் உக்காருற சாக்கெட் வகை) 1331 பின்னும் ப்ராசஸர் அடியிலதான். சாக்கெட் லீவர் பின்னை மட்டும்தான் கவ்வும், மேல மூடி கிடையாது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவின தெர்மல் பேஸ்ட் காஞ்சு பிடிச்சிருக்கும்போது கூலரை நேரா தூக்கினா ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்து பின் வளைஞ்சிடும். அதனால பத்து நிமிஷம் ஏதாவது கனமா ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்குங்க. நாலு ஸ்க்ரூவும் கழட்டினதும் கூலரை இடமும் வலமும் மெதுவா திருகுங்க, தானே விடும். அப்போ பின்பக்கத் தகடு கழண்டு விழும், ஒரு கையால தாங்கிக்கணும்.

புதுசுக்கு உலர்ந்த பட்டாணி அளவு பேஸ்ட், நடுவுல. ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாத்தி ரெண்டு ரெண்டு சுத்தா முறுக்குங்க. ஒரே பக்கம் முறுக்கினா கூலர் சாஞ்சு உக்காரும். அடித்தகட்டு ஃபிலிமை உரிக்கணும் (சிரிக்காதீங்க, அதோடவே மாட்டுறவங்க உண்டு).

மின்மினி:
டவர் கூலரோட மாட்டியாச்சு. சினிபெஞ்ச் (ப்ராசஸருக்கு முழு லோடு குடுக்கிற சோதனை) பத்து நிமிஷத்துல 74 டிகிரி. ஆனா பிரவுசர் திறந்தாலே 45-லிருந்து 62-க்குத் தாவுது, ஃபேனும் ஏறி இறங்குது. பேஸ்ட் சரியில்லையா?

நாலுபின்:
பேஸ்ட் தப்பா இருந்தா 74-ல நிக்காது. ஒரு கோர் மட்டும் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு எகிறும்போது அந்தத் தாவல் வரும். பயாஸ்ல ஃபேன் ஸ்டெப் அப் நேரத்தை (சூடு ஏறினதும் ஃபேன் வேகம் கூட எடுக்கிற நேரம்) ரெண்டு மூணு நொடி ஆக்கி, 65 டிகிரி வரைக்கும் வேகம் ஏறாம வைங்க. இன்னும் குறைக்கணும்னா கர்வ் ஆப்டிமைசர்ல (கோருக்குப் போற வோல்டேஜைக் குறைக்கிற பயாஸ் அமைப்பு) எல்லா கோருக்கும் நெகட்டிவ் 10. லோடுல தாங்கினாலும் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனா, நெகட்டிவ் 5-க்கு மாத்துங்க.